ககனபுரிக்கு இரண்டு டிக்கெட்

"ஒரு ஆளுக்குப் பதினெட்டாயிரத்து ஐநூறுங்க. சாப்பாடு சேர்த்தி. பார்க்கிங் தனி," என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். அவள் சட்டையில் ஹசீனா என்ற பெயர்ப் பட்டை குத்தியிருந்தது.

மௌலீஸ்வரன் மனதுக்குள் அதை இரட்டித்துப் பார்த்தான். லிஃப்ட் கம்பெனி அவனுக்குத் தரும் சம்பளத்தில் பாதிக்கு மேல் வந்தது.

"குழந்தைகளுக்குக் கம்மி இல்லீங்களா?"

"பத்து வயசுக்குக் கீழன்னா உண்டுங்க. பாப்பாவுக்கு எத்தனை?"

"வர்ற மாசம் பதிமூணு ஆகுது."

"அப்ப முழு டிக்கெட்டுதாங்க."

வாளையாறு மலையடிவாரத்தில் முந்நூறு ஏக்கரில் ககனபுரி என்ற கேளிக்கைப் பூங்கா திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: ககனபுரிக்குப் போனவர்கள், போகாதவர்கள். அங்கே எடையில்லா மண்டபம் என்று ஒன்று இருந்தது. உள்ளே போனால் நான்கு நிமிடம் பூமி உங்களை விட்டுவிடும். பெரிய மனிதர்கள்கூட வெளியே வரும்போது அசட்டுச் சிரிப்போடு வருவார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

மௌலீஸ்வரனின் மகள் ஆதிரை போகாதவர்களில் ஒருத்தி. அவள் அம்மா கீர்த்தனாவோடு ஈரோட்டில் இருந்தாள். ஆதிரைக்கு எட்டு வயதாக இருக்கும்போது மௌலீஸ்வரனும் கீர்த்தனாவும் பிரிந்தார்கள். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து முதல் மாலை ஆறு வரை மகள் அப்பாவோடு இருக்கலாம் என்று குடும்ப நீதிமன்றம் சொல்லியிருந்தது. முதல் வருடம் அந்த எட்டு மணி நேரம் போதவில்லை. அப்புறம் சரியாக இருந்தது. இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்தபின் மூன்று மணிக்கே இருவரும் மணி பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால், "எங்க வேணா போலாம்ப்பா" என்பாள். அந்தப் பதிலில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

"இவ்வளவு காசு கொடுத்துப் போறது தகுமாங்க?" என்று அவன் ஹசீனாவிடமே கேட்டான். கேட்டபின்தான் விற்கிறவளிடமே கேட்கிறோம் என்று உறைத்தது.

அவள் சிரிக்கவில்லை. "அதுக்குத்தாங்க முன்காட்சி இருக்கு. முந்நூறு ரூபாய், ஏழு நிமிஷம். நீங்களும் பாப்பாவும் உள்ள போனா அந்த நாள் எப்படிப் போகும்னு மிஷின் காட்டும். கடைசியில நூத்துக்கு ஒரு எண் கொடுக்கும். அம்பதுக்குக் கீழ வந்தா நாங்களே வேண்டாம்னு சொல்லிடுவோம்."

"நீங்களே வேண்டாம்பீங்களா?"

"ஆமாங்க. ஆரம்பத்துல தினமும் சண்டை. காசு தண்டம், திருப்பிக் கொடுன்னு கேட்டையே ஒடைச்சாங்க. இப்ப அந்தத் தொல்லை இல்லை."

"அதுக்கு எப்படிங்க தெரியும்?"

"உங்க ஃபோன்ல இருக்கிறதைப் பார்க்குங்க. எங்க போனீங்க, எத்தனை நேரம் நின்னீங்க, எதுக்குச் சிரிச்சீங்கன்னு. உங்களை மாதிரி லட்சக்கணக்கான பேரோட நாளையும் பார்த்து வெச்சிருக்கு. பெரும்பாலும் தப்பாதுங்க. பாப்பா ஃபோட்டோ, வீடியோ ஏதாச்சும் இருக்குங்களா?"

இருந்தது. கொடுத்தான். திரையில் வந்த எல்லாக் கேள்விகளுக்கும் 'சம்மதம்' என்று அழுத்தினான். யார்தான் அதையெல்லாம் படிக்கிறார்கள்?

அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் வெயில் அடித்தது. ககனபுரியின் வாசல். பக்கத்தில் ஆதிரை நின்றாள். அதே ஒற்றைப் பின்னல், இடது தோளைச் சற்று இறக்கி நிற்கும் அதே நிற்பு. வரிசையில் நிற்கும்போது ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பசிக்குதா கண்ணு?" என்று அவன் கேட்டது அவனுக்கே கேட்டது. "இல்லப்பா," என்றாள். எடையில்லா மண்டபத்தில் தரை விலகியதும் அவன் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. எங்கேயோ பார்த்தபடி மிதந்து போனாள். சாப்பாட்டு மேசையில் "நல்லாருக்குப்பா" என்றாள். ஃபோனில் யாரிடமோ எழுத்தில் பேசிச் சிரித்தாள். அவன் நிமிர்ந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். நான்கு மணிக்கு, "போலாமா?" என்றாள்.

வெயில் அணைந்தது. எண் வந்தது. இருபத்தேழு.

அவன் வெளியே வந்தபோது ஹசீனா தன் திரையில் அதைப் பார்த்துவிட்டிருந்தாள். "வேண்டாங்க," என்று மெதுவாகச் சொன்னாள். அவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவள் சொன்ன விதத்தில் ஒரு ஆஸ்பத்திரித் தன்மை இருந்தது.

"நான் இல்லாம, அவ சிநேகிதி யாராச்சும் கூடப் போனா?"

அதற்குக் கண்ணாடி தேவையில்லை. சில விநாடிகளில் எண் மட்டும் வந்தது. தொண்ணூற்றொன்று.

பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. அவன் இரண்டு டிக்கெட் வாங்கினான். ஒன்று ஆதிரை பெயரில். இன்னொன்று, அவளோடு படிக்கும் தாரிகா பெயரில்.

அன்று சாயங்காலம் கீர்த்தனாவைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"நீங்களே கூட்டிட்டுப் போலாமில்ல?" என்றாள் கீர்த்தனா.

"எனக்கு அன்னிக்கு டூட்டி இருக்கு."

"சரி, தாரிகா அம்மாவையும் ஒரு டிக்கெட் எடுத்துக்கிட்டுக் கூடப் போகச் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

டூட்டி இல்லை. அதைப் பொய்யாக விடக் கூடாதென்று அவன் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தச் சனிக்கிழமை பீளமேட்டில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கம்பி வடத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். சோதனைக்காக ஓட்டிப் பார்த்தபோது கீழே கூண்டுக்குள் தெரியாமல் ஏறிக்கொண்ட ஒரு குடும்பம் எங்கோ கல்யாணத்துக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டது. ஒரு கை தூரத்தில் அவர்களுடைய பேச்சு, பவுடர் வாசனை எல்லாம் இருந்தது. தலைக்கு மேல் ஓர் ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் ஆதிரை அனுப்பினாள்: "தேங்க்ஸ்ப்பா. நல்லாருந்துச்சு."

தொண்ணூற்றொன்று என்று நினைத்துக்கொண்டான். சந்தோஷப்பட முயற்சி செய்தான்.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. முன்காட்சிக் கடைகள் ஊருக்குள்ளும் வந்துவிட்டன. சினிமாவுக்கு, ஓட்டலுக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு என்று எதற்கும் போகுமுன் எண் பார்க்கலாம். ஒவ்வொரு மாதமும் மௌலீஸ்வரன் பார்த்தான். அப்பாவும் மகளும்: முப்பது, இருபத்தைந்து, முப்பத்திரண்டு. மகளும் தோழிகளும்: எண்பதுக்குக் குறையவில்லை. அவன் தோழிகளோடு போகச் சொல்லிப் பணம் அனுப்பினான். அந்த ஒரு வருடத்தில் ஆதிரையை இரண்டு முறைதான் பார்த்தான். இரண்டும் ஈரோடு பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு பேக்கரியில், ஒரு மணி நேரத்துக்குள்.

ஊரும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. லிஃப்டுகளில் பேச்சு அவன் காதில் விழும். "அவங்க வீட்டுக்கா? நாப்பதுகூட வராது, விடு." "பெரியப்பாவைப் பார்க்கப் போலாம்னு பார்த்தேன், பதினெட்டுங்குது." யாரும் யாரையும் வெறுக்கவில்லை. எண் வரவில்லை, அவ்வளவுதான். சில கட்டடங்களில் விருந்தாளிகளுக்கென்று இருந்த லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். கரன்ட் மிச்சம்.

ஆதிரைக்குப் பதினான்கு ஆகப்போகிற மாதத்தில் அவன் மறுபடி ககனபுரி கவுன்ட்டருக்குப் போனான். டிக்கெட் இருபத்தோராயிரம் ஆகியிருந்தது. ஹசீனா அதே நாற்காலியில் இருந்தாள், கொஞ்சம் இளைத்து.

"போன வருசம் மாதிரியே, பாப்பாவுக்கும் அவ சிநேகிதிக்கும். எதுக்கும் ஒருக்கா எண் பார்த்துக் கொடுங்க," என்றான்.

அவள் திரையைப் பார்த்தாள். விரல் விசைப்பலகையின் மேல் நின்றுவிட்டது. பிறகு பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், "ஒரு அஞ்சு நிமிஷம் பார்த்துக்கறியா?" என்று சொல்லிவிட்டு, கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இப்படி வாங்க," என்று வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். "உங்க பாப்பா விவரம் எங்ககிட்ட ஒன்னுமே இல்லீங்க."

"புரியலீங்க."

"பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்க விவரத்தை எடுக்கணும்னா, பிள்ளை யார்கிட்ட வளருதோ அவங்க சம்மதம் வேணும். உங்க வீட்டுல... அவங்க கொடுக்கலை. சம்மதம் இல்லாத ஆளுக்கு மிஷின் சராசரியைப் போட்டு நிரப்பிக்குமாம்."

"சராசரின்னா?"

"பதிமூணு வயசுப் பொண்ணு. அப்பா அம்மா பிரிஞ்சவங்க. அப்பாவை மாசம் ஒருக்கா பார்க்கிற பொண்ணு. அந்த மாதிரி ஆயிரக்கணக்கான பிள்ளைங்களைக் கூட்டி வகுத்து ஒரு பொண்ணு. முகம், குரல், நடை எல்லாம் நீங்க கொடுத்த வீடியோவுல இருந்து எடுத்தது. மத்ததெல்லாம்..." அவள் கையை விரித்தாள். "நீங்க பார்த்தது உங்க மகளையே இல்லீங்க."

வெயிலில் டிக்கெட் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. மௌலீஸ்வரன் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல மரத்தில் கை வைத்தான்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க."

"எங்களுக்கே தெரியாதுங்க. யாரோ கேஸ் போட்டாங்களாம். போன மாசந்தான் சுற்றறிக்கை வந்துச்சு. வாய்விட்டுக் கேக்கிறவங்களுக்கு மட்டும் சொல்லணுமாம்."

"நான் கேக்கலையே."

"கேக்கலைதான்." அவள் திரும்பிக் கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டாள். "எங்க அத்தா உக்கடத்துல தனியா இருந்தாருங்க. பெத்த அப்பாதான், ஆனா கோவக்காரரு. வெள்ளிக்கிழமை போலாமான்னு நானும் எண் பார்ப்பேன். எங்களுக்கு இலவசம். இருபத்திரண்டு, பத்தொன்பதுன்னே வரும். போய்ச் சண்டை போடறதுக்குப் போகாமலே இருக்கலாம்னு இருந்துட்டேன். தை மாசம் மவுத்தாயிட்டாரு. அவர் கையில கடைசி வரைக்கும் பட்டன் ஃபோனுதாங்க. அவரைப் பத்தி அந்த மிஷினுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

அவள் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "டிக்கெட் போடட்டுங்களா?" என்றாள்.

"போடுங்க. ஒன்னு பாப்பா பேர்ல. இன்னொன்னு என் பேர்ல."

"எண்?"

"வேண்டாங்க."

கீர்த்தனா முதலில் மறுத்தாள். "ஒரு வருசம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்," என்றாள். பிறகு, "அவகிட்டக் கேட்டுச் சொல்றேன்," என்றாள். பிறகு, "வரேங்கிறா," என்று ஒரு வரி அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் காரை ஈரோட்டில் அந்த வீட்டின் முன் நிறுத்தியபோது, வெளியே வந்த பெண்ணை ஒரு கணம் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னலை வெட்டியிருந்தாள். அவன் தோள் உயரம் வந்திருந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு ஃபோனை எடுத்தாள்.

"சாப்ட்டியா கண்ணு?"

"ம்."

ககனபுரி வரைக்கும் அவ்வளவுதான். வாசலில் வரிசை நீளமாக இருந்தது. அவள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பசிக்குதா?" என்று கேட்டான். "இல்லப்பா," என்றாள். முன்காட்சியில் கேட்ட அதே பதில்.

எடையில்லா மண்டபத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் நின்றார்கள். கதவு மூடியது, தரை விலகியது, கூடியிருந்த நாற்பது பேரும் ஓவென்று கத்தினார்கள். அவன் உடம்பு பஞ்சாகியது. ஆதிரை அவனுக்கு எதிரே சுழன்று மேலே போனாள். அவன் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவர்ப் பக்கமாக விலகிப் போனாள்.

அந்த நான்கு நிமிடமும் மௌலீஸ்வரன் காற்றில் தனியாகக் கிடந்தான். அன்று மிஷின் காட்டியது என் மகள் இல்லை. ஆனால் ஒரு வருடம் நான் போகாமல் இருந்ததில் அவள் அந்தப் பெண்ணாகவே ஆகிவிட்டாள். பொய்யாக இருந்ததை நான்தான் உண்மையாக்கிவிட்டேன் என்று நினைத்தான். தரை திரும்பி வந்து காலில் பட்டதை அவன் கவனிக்கவில்லை. ஒரு ஊழியர் வந்து தோளைப் பிடித்து வெளியே விட்டார்.

சாப்பாட்டு மேசையில் அவள் பாதியை ஒதுக்கினாள். "நல்லா இல்லையா?" என்றான். "நல்லாருக்குப்பா," என்றாள். நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. "போலாமா?" என்றாள்.

மதுக்கரை தாண்டி, நீலாம்பூர் தாண்டி, கருமத்தம்பட்டி வரை அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் முடியவில்லை. கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். முன்காட்சி, இருபத்தேழு, தொண்ணூற்றொன்று, இல்லாத டூட்டி, மாதாமாதம் பார்த்த எண்கள், ஹசீனா சொன்ன சராசரி.

ஆதிரை ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"தொண்ணூத்தொன்னா?" என்றாள்.

"ஆமா சாமி."

"போன வருசம் என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? அந்த மண்டபத்துக்குள்ள போனதும் நான் வாந்தி எடுத்துட்டேன். அது கீழ விழாதுப்பா! அங்க எதுவும் கீழ விழாது! அப்படியே எல்லார் மேலயும் மிதந்து போச்சு. ஒருத்தன் அதை வீடியோ எடுத்தான். தாரிகாவோட அம்மா என்னைத் தொடச்சு விட்டாங்க, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு. ஸ்கூல்ல ஆறு மாசம் என்னை எல்லாரும் சேட்டிலைட்னு கூப்பிட்டாங்க."

"நல்லாருந்துச்சுன்னு அனுப்பினியே..."

"பின்ன என்னன்னு அனுப்பறது? வராத ஆளுக்கு என்னன்னு அனுப்பறது?"

"அப்புறம் இன்னிக்கு எதுக்கும்மா உள்ள வந்த? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"நாப்பத்திரண்டாயிரம் கொடுத்து வாங்கிட்டீங்க! ஒரு வருசம் கழிச்சு இப்பத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க! வேண்டாம்னு எப்படிச் சொல்றது? ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, நாலு நிமிஷம் ஒன்னு ரெண்டு எண்ணிட்டிருந்தேன். உங்க மேல பட்டுடக் கூடாதுன்னு சுவத்துப் பக்கம் போனேன்."

அவன் காரை ஓரம் கட்டப் பார்த்தான்.

"நிறுத்தாதீங்க. ஓட்டுங்க. நிறுத்தினா நான் பேச மாட்டேன்."

ஓட்டினான்.

"நான் கை கொடுக்கலைன்னு பார்த்தீங்களா? அதையும் அந்த மிஷின் சொன்ன மாதிரியே நெனச்சுக்கிட்டீங்களா?"

"நெனச்சேன்."

"எனக்கு அந்த இடமே பிடிக்கல. அந்த வரிசை பிடிக்கல. அந்தச் சாப்பாடு பிடிக்கல. ஐஸ்கிரீம்ல உப்புக் கரிக்குது."

"பின்ன எங்க கண்ணு போலாம்?"

"எனக்குத் தெரியாது! எப்பப் பார்த்தாலும் எங்க, எங்க! நீங்க கேட்டா நான் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். அதோட விட்டுடறதா? மறுபடி கேக்கணும். மூணு தடவை கேளுங்களேன், என்ன குறைஞ்சு போச்சு?" அவள் குரல் உடைந்து, அந்த உடைசலோடே தொடர்ந்தது. "முந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு மிஷின்கிட்டக் கேட்டிருக்கீங்க. மாசாமாசம் கேட்டிருக்கீங்க. எனக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா ஓசிதானே?"

அவினாசி போனது. செங்கப்பள்ளி போனது. அவள் பேக்கரியில் அவன் வாங்கித் தந்த பப்ஸைத் திட்டினாள். அவளுக்குப் பப்ஸ் எட்டு வயதில் பிடிக்கும், இப்போது பிடிக்காது. அம்மாவைத் திட்டினாள். சேட்டிலைட் என்று பெயர் வைத்த ஹரிவர்தனைத் திட்டினாள். தாரிகா இப்போது தன்னோடு பேசுவதில்லை என்றாள். அதற்கும் இவன்தான் காரணம் என்றாள், எப்படி என்று சொல்லவில்லை. கணக்கு டீச்சர் மாறிவிட்டதையும் புது டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவன் இடையில் ஒருமுறை, "பெரியவ ஆயிட்ட," என்றான். "பேச்சை மாத்தாதீங்க," என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் பணம் கட்ட நின்ற அரை நிமிடம் மட்டும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கட்டை உயர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

ஈரோட்டுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்தான் இருந்தது. மௌலீஸ்வரன் வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்து, விளக்குச் சிமிட்டி, ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. கறிவேப்பிலை ஏற்றிய ஒரு டெம்போகூடத் தாண்டிப் போனது.

"ஏன் இவ்வளவு மெதுவாப் போறீங்க?" என்றாள் ஆதிரை.

"நீ பேசு," என்றான்.